ஆறாவது எழுத்தைக் காட்டிய தளம்: புரோட்டீன் டேட்டா பேங்க் பற்றி ஒரு விலங்கியல் ஆசிரியை

கூடலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். மரபியல் பாடத்தில் ஒரு வரி வரும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் வந்தால் கதிர் அரிவாள் இரத்தசோகை. ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். அதன் பீட்டா சங்கிலி, 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சரம்; குளுட்டாமிக் அமிலமும் வாலைனும் அப்படிப்பட்ட அமினோ அமிலங்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், மார்க்கும் வந்துவிடும். எங்கள் ஊரில் அது அதோடு முடியாது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று, 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து எழுதியது. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் வீட்டில் இன்றும் அந்த நோய் இருக்கிறது.

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், 146-ல ஒண்ணே ஒண்ணுதானே மாறுது? அதுக்கு ஏன் என் தம்பிக்கு இவ்வளவு வலி?"

நான் பல வருடமாக இந்தப் பாடத்துக்குப் பாசிமணிச் சரம் கொண்டு போவேன். 146 மணி கோத்து, ஆறாவது மணியை மட்டும் சிவப்பாக வைத்திருப்பேன். அன்றைக்கும் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். அவள் கேள்விக்கு அந்தச் சரத்தில் பதில் இல்லை. புரதம் சரமாகக் கிடந்து வேலை செய்வதில்லை. மடிந்து, சுருண்டு, ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் அதற்கு வேலையே. அந்த வடிவத்தைக் காட்டாமல் "ஏன்" என்பதைச் சொல்ல முடியாது. அதைத் தேடிப் போய்த்தான் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். உயிரியல் எடுக்கும் ஆசிரியர்களும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் படித்தால் எனக்குச் சந்தோஷம்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். உலகெங்கும் ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர், மின்னணு நுண்ணோக்கி போன்ற முறைகளால் கண்டுபிடித்த புரத வடிவங்களை, ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்ற கணக்கோடு சேர்த்துவைக்கும் கிடங்கு. 1971-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் 7 வடிவங்களோடு ஆரம்பித்தார்கள். இப்போது 2 லட்சத்துக்கும் மேல். நான் பயன்படுத்துவது ஆர்.சி.எஸ்.பி. என்ற அமெரிக்கப் பிரிவின் தளம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதே தரவை வைத்துத் தனித்தனித் தளங்கள் உண்டு. பணம் கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் கூடக் கேட்பதில்லை. படத்தை எடுத்து வினாத்தாளில் போடலாம், சுவரில் ஒட்டலாம். தரவு முழுவதும் பொதுச் சொத்து என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தேடும் பெட்டியில் ஹீமோகுளோபின் என்று அடிக்காதீர்கள். மீன், குதிரை, மனிதர் என்று பெரிய பட்டியல் வந்து விழும், எதைத் திறப்பது என்று தெரியாமல் மூடிவிடுவீர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு எழுத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நேராகப் போங்கள். சாதாரண மனித ஹீமோகுளோபினுக்கு 4எச்எச்பி. அரிவாள் ஹீமோகுளோபினுக்கு 2எச்பிஎஸ். ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும். என் நோட்டின் பின்னட்டையில் இப்படி ஒரு முப்பது குறி எழுதிவைத்திருக்கிறேன், வகுப்பு வேலைக்கு அது தாராளம்.

குறியை அடித்ததும் வரும் பக்கத்தில் முப்பரிமாணக் காட்சிக்கு ஒரு பொத்தான் இருக்கும். மோல்ஸ்டார் என்ற காட்சிக் கருவி உலாவிக்குள்ளேயே திறக்கும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். சுட்டியை அழுத்தி இழுத்தால் புரதம் சுழலும், உருட்டினால் கிட்டே வரும். போனில் இரண்டு விரலால் பெரிதாக்கலாம். ஹைடெக் லேப் கணினியிலிருந்து ப்ரொஜெக்டரில் போட்டால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். என் போன் பழசு, அதில் பெரிய வடிவங்கள் திறக்க நேரமாகும். ஹீமோகுளோபின் அளவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

சரி, அந்த ஆறாவது இடத்துக்கு வருகிறேன்.

4எச்எச்பி-யைத் திறந்தேன். நான்கு நிறத்தில் நான்கு சங்கிலி. இரண்டு ஆல்ஃபா, ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலம். இரண்டு பீட்டா, ஒவ்வொன்றிலும் 146. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஒரு ஹீம் தட்டு, அதன் நடுவே ஆக்சிஜனைப் பிடிக்கும் ஓர் இரும்பு அணு. "முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை அமைப்பு" என்று நாங்கள் இரண்டு பீரியட் சொல்லும் பாடம் இங்கே ஒரே படத்தில் இருக்கிறது. மேலே எழுத்து வரிசையாக ஓடுவது முதல்நிலை. ரிப்பன் மாதிரி சுருண்டிருப்பது இரண்டாம் நிலை. ஒரு சங்கிலி முழுக்க உருண்டு நிற்பது மூன்றாவது. நான்கும் சேர்ந்து கட்டிக்கொண்டிருப்பது நான்காவது. நான் கேட்பதற்கு முன்பே ஒரு பையன் எழுந்து வந்து திரையில் விரல் வைத்து நான்கையும் காட்டினான்.

மேலே ஓடும் அந்த எழுத்து வரிசைதான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து. பீட்டா சங்கிலியைத் தேர்ந்தெடுத்தால் வரிசை இப்படித் தொடங்கும்: வி, எச், எல், டி, பி, ஈ, ஈ, கே. ஆறாவது எழுத்து ஈ, அதாவது குளுட்டாமிக் அமிலம். அதைத் தொட்டால் கீழே புரதத்தில் அந்த இடம் ஒளிரும், படம் தானாகக் கிட்டே போகும், அணுக்களும் பிணைப்புகளும் குச்சி குச்சியாகத் தெரியும். அது புரதத்தின் உள்ளே இல்லை, வெளிப்பரப்பில், தண்ணீரைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கிறது. குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம், தண்ணீரோடு ஒத்துப்போகும். அதனால் அது அங்கே நிற்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

அப்புறம் 2எச்பிஎஸ். இது 1997-இல் வெளியான வடிவம், இரண்டு ஹீமோகுளோபின் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். திறக்கும்போது நான்கு சங்கிலி மட்டும் தெரிந்தால், வலப்பக்கப் பட்டியலில் மாடல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எட்டும் வந்துவிடும். மறுபடியும் பீட்டா சங்கிலியின் எழுத்துகள்: வி, எச், எல், டி, பி, வி. ஆறாவது இடத்தில் ஈ இல்லை, வி. வாலைன். எண்ணெய் மாதிரி, தண்ணீருக்கு ஒத்துவராத அமிலம். அதைத் தொட்டுக் கிட்டே போனோம்.

அந்த வாலைன் வெறும் வெளியில் நிற்கவில்லை. பக்கத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள ஒரு சின்னப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் ஓரங்களைத் தொட்டுப் பார்த்தோம். 85-ஆவது இடத்தில் ஃபீனைல் அலனைன், 88-ஆவது இடத்தில் லியூசின். இரண்டும் எண்ணெய்ப்பசை உள்ளவை, தண்ணீரைத் தள்ளுபவை. எண்ணெய் எண்ணெயோடு சேர்கிறது. ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடிக்கிறது, அது அடுத்ததைப் பிடிக்கிறது, இப்படி 14 இழை சேர்ந்து முறுக்கிய கயிறு மாதிரி நீளமாக வளர்கிறது. சிவப்பணுவுக்குள் கோடிக்கணக்கான ஹீமோகுளோபின் இருக்கிறது. கயிறுகள் வளர்ந்தால் அணு விறைத்து, வளைந்து, மிகச் சின்ன இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. வலி அங்கிருந்து வருகிறது.

ஒரு கேள்வியும் இல்லாமல் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப அந்தப் பள்ளம் எங்களுக்கும் இருக்குமா டீச்சர்?"

உடனே 4எச்எச்பி-க்குத் திரும்பினோம். 85-ஐத் தொட்டோம், 88-ஐத் தொட்டோம். அதே எஃப், அதே எல். பள்ளம் நம் எல்லோருடைய ஹீமோகுளோபினிலும் இருக்கிறது. அதற்குள் போய் மாட்ட ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தப் பாடத்தை எடுத்த எனக்கே இது அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. நோயுள்ள பிள்ளையின் புரதம் ஏதோ உடைந்துபோனது, கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அது சாதாரண ஹீமோகுளோபின் மாதிரியே ஆக்சிஜனைச் சுமக்கிறது, மடிப்பும் அதேதான், வெளியே ஒரே ஓர் இடம் மட்டும் ஒட்டுகிறது என்று தெரிந்தது. ஆக்சிஜன் ஏறியிருக்கும்போது மூலக்கூறின் வடிவம் கொஞ்சம் மாறிவிடுவதால் அந்த ஒட்டு சரியாகப் பொருந்துவதில்லை. திசுக்களில் ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகுதான் ஒட்டத் தொடங்குகிறது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும், குளிரில் கவனமாக இருக்கச் சொல்வதும் இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது வெறும் அறிவுரை இல்லை.

வடிவ மாற்றத்தைத் தனியாகக் காட்ட 1எச்எச்ஓ என்ற ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் திறக்கலாம். இரும்பு அணு ஹீம் தட்டின் தளத்துக்குள் நகர்வது சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம்தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவு அசைவு ஒரு சங்கிலியை இழுத்து, நான்கு சங்கிலியையும் நகர்த்துகிறது. ஆனால் இது திரையில் தானாக நடக்காது, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தளத்தின் குறை என்றால் இதை முதலில் சொல்வேன். பெரும்பாலான படங்கள் படிகத்தில் உறைந்த நிலை. பிள்ளைகள் புரதத்தைச் சிலை மாதிரி நினைத்துக்கொள்வார்கள். செல்லுக்குள் அது ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஆசிரியர் நினைவூட்ட வேண்டும். நிறங்களும் அப்படித்தான். பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் சங்கிலியைப் பிரித்துக் காட்டப் போட்டவை.

இன்னொரு குறை மொழி. தமிழில் கிடையாது. முகப்பில் தொடங்கி எல்லாம் ஆங்கிலம், அதுவும் ஆய்வாளர்களுக்கான ஆங்கிலம். தமிழ்வழிப் பிள்ளைகளைத் தனியாக விட்டால் ஐந்தே நிமிடத்தில் ஒதுங்கிவிடுவார்கள். நான் ஒரு பக்கத் தாள் தயார் செய்துவிட்டேன். இருபது அமினோ அமிலங்களின் ஆங்கில எழுத்து, தமிழ்ப் பெயர், தண்ணீரோடு சேருமா சேராதா, மின்னூட்டம் உண்டா இல்லையா. இதை ஒரு பீரியட் பழக்கிவிட்டால் போதும், மிச்சத்தைக் கண்ணும் விரலும் பார்த்துக்கொள்ளும். நெட் வராத நாளுக்கென்று முக்கியக் காட்சிகளைப் படமாக எடுத்துப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். மலையில் மழைக்காலத்தில் அது இல்லாமல் வகுப்புக்குப் போவதில்லை.

ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும் ஒரு சின்னத் தரப்படம் இருக்கும், சிவப்பிலிருந்து நீலம் வரை பட்டையாக. நீலப் பக்கம் இருந்தால் நல்ல தரம். அந்தப் பட்டைகளில் ஒன்றின் பெயரை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: ராமச்சந்திரன். ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பு ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்தக் கணக்கை வைத்து உரசிப் பார்த்துத்தான் கிடங்கில் சேர்க்கிறார்கள். கொலாஜன் புரதம் மூன்று இழையாக முறுக்கியிருக்கும் என்று 1950-களில் அதே சென்னையிலிருந்து சொன்னவரும் ராமச்சந்திரன்தான், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து. ப்ரொஜெக்டர் திரையில் அந்தப் பெயரைக் காட்டியபோது பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமையை நான் பார்த்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது.

இதே குடும்பத்தில் பி.டி.பி.-101 என்று ஒரு பகுதி மாணவர்களுக்கென்றே இருக்கிறது. 2000 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு மூலக்கூறைப் பற்றிக் கட்டுரை வருகிறது. பல வருடம் அதை எழுதி வரைந்தவர் டேவிட் குட்செல். செல்லின் உட்புறத்தை அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். செல்லுக்குள் எவ்வளவு நெரிசல், புரதங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எப்படி நிற்கின்றன என்று அதைப் பார்த்தால்தான் புரியும். பாடநூலில் செல் காலியான பை மாதிரி இருக்கும். அங்கேயே வெட்டி ஒட்டும் காகித மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கும். டெங்கு வைரஸ் மாதிரியைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் செய்து லேபில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆல்ஃபாஃபோல்டு தளம் இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி, அதையும் பயன்படுத்திப் பார்த்தேன். எழுத்து வரிசையை மட்டும் வைத்துக் கணினி வடிவத்தைக் கணிக்கும் அந்த முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அங்கே 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. எங்கே உறுதியாகத் தெரியும், எங்கே தெரியாது என்பதை நீலம், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் சொல்லும் நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் என் பாடத்துக்கு அது உதவவில்லை. பீட்டா குளோபினைத் தேடினால் ஒற்றைச் சங்கிலி மட்டும் அழகாக வருகிறது. ஹீம் இல்லை, இரும்பு இல்லை, பக்கத்து மூலக்கூறு இல்லை. ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதற்காகச் செய்த கருவியும் அல்ல அது. அந்தக் கணினி பாடம் படித்ததே இந்தக் கிடங்கில் மனிதர்கள் ஐம்பது வருடமாகச் சேர்த்த வடிவங்களிலிருந்துதான். யாரும் இன்னும் கண்டுபிடிக்காத புரதம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். பள்ளிப் பாடத்துக்கு முதலில் இங்கே வாருங்கள்.

கேள்வி கேட்ட மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து லேபுக்கு வந்தாள். "தம்பி பொறந்து ஆறு மாசம் வரைக்கும் நல்லாதான் இருந்தான்னு அம்மா சொல்றாங்க. அப்ப அந்த வாலைன் இல்லையா டீச்சர்?" அப்போது அவன் இரத்தத்தில் பெரும்பகுதி கருநிலை ஹீமோகுளோபின். அதில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறு சங்கிலி. அதுதான் பிறந்து சில மாதங்களில் குறைந்து பீட்டாவுக்கு இடம் விடுகிறது. அவள் தம்பி தினமும் சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, அந்தப் பழைய கருநிலை ஹீமோகுளோபினை மறுபடி கூட்டிக் கொடுக்கிறது. இதை வாயால் சொன்னேன். அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. 1எஃப்டிஎச் என்ற குறியைச் சொல்லி, கணினியை அவளிடமே விட்டுவிட்டேன்.

காமா சங்கிலியில் ஆறாவது எழுத்தைப் பார்த்தாள். ஈ. சரி, இது எதிர்பார்த்ததுதான். பிறகு பள்ளத்தைத் தேடினாள். 85, எஃப். 88, எல். "இங்கயும் பள்ளம் இருக்கே," என்றாள் ஏமாற்றத்தோடு. நடுவில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். பெரியவர்களின் பீட்டா சங்கிலியில் 85 முதல் 88 வரை எஃப், ஏ, டி, எல். இதில் எஃப், ஏ, க்யூ, எல். 87-ஆவது இடத்தில் மட்டும் த்ரியோனின் இல்லை, குளுட்டமின். அதைத் தொட்டுக் கிட்டே போனாள். பள்ளத்தின் வாசலிலேயே, த்ரியோனினைவிடப் பெரிதாக, நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாலைன் உள்ளே நுழையவிடாமல் தடுப்பதில் அதற்கு முக்கியப் பங்கு.

அவள் நோட்டை எடுத்து, 87 என்று எழுதி, பக்கத்தில் க்யூ போட்டு வட்டமிட்டாள். வீட்டில் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தத் திரையைப் படமெடுத்துத் தரச் சொன்னாள். என் போனில் எடுத்து அன்று சாயங்காலமே அனுப்பினேன்.